முத்துப் போட்ட கிராபிக்ஸ் கார்டு

எங்கள் பாவடித் தெருவின் சூடு முழுவதும் என் கம்ப்யூட்டருக்குள் இறங்கியது அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த அன்று மத்தியானம்தான். அது ஏன் இறங்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது, தெரிந்த மாதிரி பேசுகிறவர்களுக்கும் தெரியாது. வேறு தெருவில் இறங்கியிருக்கலாம், வசதியானவர்கள் வீட்டு ஏசியில் இறங்கியிருந்தால் யாருக்கும் தொந்தரவே இல்லை, ஆனால் அது என் கிராபிக்ஸ் கார்டைப் பார்த்து இறங்கிவிட்டது. அதனால் இதை நான்தான் சொல்லியாக வேண்டும்.

என் பெயர் யுவராணி, ஊர் குடியாத்தம். பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். யாரும் நிறுத்தவில்லை, குடும்பக் கஷ்டம் என்று சொன்னால் எல்லாரும் உச் கொட்டுவார்கள், ஆனால் அது பொய், எனக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். எனக்குப் பிடித்தது கம்ப்யூட்டருக்குள் உருவம் செய்து அதை நடக்கவைக்கிற வேலை. அதற்காகப் பழைய சாமான் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு பொட்டியைச் சேர்த்தேன், அதில் இருக்கிற கிராபிக்ஸ் கார்டு யாரோ எங்கோ ராப்பகலாக ஓட்டி உயிரை எடுத்துவிட்டு விற்றது, வரும்போதே கொஞ்சம் சூட்டு உடம்பாகத்தான் வந்தது.

சென்னையில் ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. அங்கே ஷெரின் மேடம் என்று ஒருவர் போனில் சொன்னார், "எனக்கு சர்ட்டிபிகேட் வேணாம்மா, தண்ணி பண்ணிக் காட்டு, நெஜத் தண்ணி மாதிரி அசையணும், இந்த மாசக் கடைசிக்குள்ள அனுப்பு, பிடிச்சிருந்தா வந்து உக்காரு." நான் ஒரு எருமையைச் செய்தேன். எருமை குளத்தில் இறங்கும், முதுகு வரைக்கும் முழுகும், தண்ணீர் விலகி மறுபடி கூடும், அதுதான் படம், கதையெல்லாம் கிடையாது. ஆனால் தண்ணீர் என்பது கார்டுக்குப் பெரிய பாரம், ஒவ்வொரு அலைக்கும் அது மூச்சு வாங்கும்.

அன்று மத்தியானம் எருமையின் முட்டி நனைகிற இடத்தில் திரை கறுத்துப்போய் நின்றது. பக்கத்து மூடியைக் கழற்றிக் கையை வைத்தேன், தோசைக்கல். ஆனால் பின்னாடி மின்விசிறி வழியாக வந்த காற்றோ ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்த மாதிரி சில்லென்று முகத்தில் அடித்தது. சரி என்று நான் செய்யவேண்டியதைச் செய்தேன். சைக்கிள் பம்பால் ஊதினேன், பழைய டூத் பிரஷ்ஷால் விசிறி இறக்கைகளைத் தேய்த்தேன், நூல் பஞ்சு உள்ளங்கை அளவுக்கு வந்தது, விசிறி அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டேன், மேசை விசிறியை இழுத்துப் பொட்டிக்கு நேராக வைத்தேன். மறுபடி போட்டேன், மறுபடி முட்டி நனைந்தது, மறுபடி கறுத்தது. சுவிட்சை அணைத்து, ஒயரைப் பிடுங்கி, ஒரு நாள் பூரா சும்மா வைத்தும் கார்டு ஆறவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, சிப்புக்கும் அதன் மேல் இருக்கிற அலுமினியக் கட்டைக்கும் நடுவில் தடவியிருக்கிற பேஸ்ட் காய்ந்து கட்டியாகிவிட்டது, உள்ளே வந்த சூடு வெளியே போக வழி இல்லாமல் அடைந்து கிடக்கிறது. திறந்து, சுரண்டி, புதுப் பேஸ்ட் தடவவேண்டும். பேஸ்ட்டுக்கு ஆர்டர் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அதற்குள் சூடு எங்கே போகிறது என்று தெரு கண்டுபிடித்துவிட்டது.

வெயில் அடித்தது, கண் கூசியது, நிழல் விழுந்தது, ஆனால் சுடவில்லை. தார் ரோட்டில் செருப்பில்லாமல் நடந்தார்கள். மாவு சாயங்காலம் வரைக்கும் புளிக்கவில்லை, பால் திரியவில்லை, பீடி சுற்றுகிறவர்கள் இலையை நனைத்து நனைத்துச் சாகாமல் காலையில் நனைத்ததையே மாலை வரை சுற்றினார்கள், இளநீர் வண்டிக்காரர் நாளெல்லாம் நின்றும் ஒன்றும் ஓடாமல் எங்களையும் எங்கள் தெருவையும் திட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார், அந்தத் தெரு நாய்களெல்லாம் எங்கள் தெருவுக்கு வந்தன. தெருமுனையைத் தாண்டிக் கால் வைத்தால் கொதிக்கிறது, கோடு போட்ட மாதிரி இந்தப் பக்கம் மார்கழி. முதல் நாள் சிரித்தார்கள், இரண்டாம் நாள் பழகிக்கொண்டார்கள், அதற்கப்புறம் அது அவர்களுக்குச் சேரவேண்டியது என்று ஆகிவிட்டது. வீடு காலி இருக்கிறதா என்று வெளித்தெரு ஆட்கள் விசாரித்தார்கள், பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து சம்பந்தம் முடித்துவிட்டுப் போனார்கள், பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய மனிதர்கள் சிலர் வந்து பொட்டியைக் கொஞ்சம் அவர்கள் பக்கத்து ஜன்னலுக்கு நகர்த்திவைக்க முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள், எங்கள் தெரு ஆட்கள் முடியாது என்று மரியாதையில்லாமல் சொன்னார்கள்.

சம்பங்கி மாமா ஒருவர்தான் முணுமுணுத்தார். அவர் லுங்கிக்குப் பாவு போடுகிறவர், நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் கஞ்சி தடவிக் காயவைப்பார். "சொகம்தான், இல்லன்னு சொல்லல, ஆனா கஞ்சி காயமாட்டேங்குதே, நூலு நூலோட ஒட்டிக்குதே" என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

எதிர் வீட்டுப் பூங்காவனம் அத்தைதான் முதலில் என் ஜன்னலுக்கு வந்தது. அத்தை வீடு தகரக் கூரை, வருஷா வருஷம் இந்த மாதத்தில் மனிதர் உள்ளே இருக்கமுடியாது.

"யுவராணி, பள்ளிக்கூடத்த வுட்டுட்டு இந்தப் பொட்டிய கட்டிகினு அழுவுறியேன்னு உன்ன எவ்ளோ பேசியிருப்பேன்? இப்பதான்டி இது ஒரு பொருளாச்சு."

"இது முன்னாடியே பொருள்தான் அத்த."

"இன்னா பொருளு? எருமமாடு பொம்ம."

நான் ஜன்னலைச் சாத்தினேன். சாத்தாதே, காற்று வரவில்லை என்று நாலு வீட்டிலிருந்து குரல் வந்தது.

பேஸ்ட் வருவதற்கு முன்னாலேயே திரையில் புள்ளிகள் வந்தன. கார்டின் நினைவுச் சில்லுகள் சூட்டில் வெந்தால் அப்படித்தான் வரும், முதலில் ஒரு ஓரத்தில் இரண்டு மூன்று, சிவப்பும் பச்சையும், பிறகு எருமையின் முகமெல்லாம், பிறகு திரை முழுவதும் சின்னச் சின்ன மணிகளாக. அம்மா எனக்குக் காப்பி கொண்டு வந்தவள் டம்ளரோடு அப்படியே நின்றாள். போய் மாரியம்மன் கோயில் பூசாரி தசரதனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் வாசலிலேயே செருப்பை விட்டு, கையைக் கட்டிக்கொண்டு, திரையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"உடம்பு கொதிக்குதா?"

"கொதிக்குது" என்றாள் அம்மா.

"முத்துப் போட்டுகீது பாரு. அம்மா வார்த்திருக்கா." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஊரு சூட்ட எல்லாம் தன் ஒடம்புல வாங்கிகினு வந்து குந்திகீறா, கஸ்தூரி, உன் வீட்டுக்கு வந்துகீறா."

"அது மெமரி ஹீட் ஆயிடுச்சு பூசாரி" என்றேன்.

"வாய மூடு" என்றாள் அம்மா.

அவ்வளவுதான். வாசலில் வேப்பிலைக் கொத்து ஏறியது, கீபோர்டைச் சுற்றி வேப்பிலை, மானிட்டருக்கு மஞ்சள் பொட்டு. அம்மை வார்த்த வீட்டில் தாளிக்கக்கூடாது என்று எங்கள் வீட்டில் கடுகு நின்றது, எங்கள் வீட்டுக்கு மட்டுமா வந்தாள், தெருவுக்கே வந்தாள் என்று தெரு முழுக்கவே கடுகு நின்றது, ரசம் வெறும் புளித்தண்ணியாக ஓடியது, கவிச்சி கிடையாது, சத்தம் போட்டுப் பேச்சு கிடையாது, யாரும் யாரிடமும் போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, சும்மா எழுந்து போனார்கள். கார்டு சரியில்லை என்று சொல்லக்கூடாது, விளையாடுகிறாள் என்று சொல்லவேண்டும். காலையும் மாலையும் கேழ்வரகுக் கூழ் வந்தது, வெங்காயம் வந்தது, தர்பூசணிக் கீற்று வந்தது, அதையெல்லாம் நான் தின்றேன், பொய் சொல்வானேன். முக்கியமானது வேறு. வைத்தியம் பார்க்கக்கூடாது, இரும்பு படக்கூடாது. இரும்பு என்றால் ஸ்க்ரூ டிரைவர். நான் எங்கே திறந்துவிடுவேனோ என்று அம்மா பொட்டிக்கு முன்னாலேயே பாயைப் போட்டுப் பீடி சுற்றினாள். பேஸ்ட் வந்தது, நெயில் பாலிஷ் அளவு சின்ன ட்யூப், அதைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தேன்.

"மாசம் முடியப் போவுது மா."

"முடியட்டும். அடுத்த மாசம் வரும்."

"அந்த நாற்காலில வேற யாராவது உக்காந்துடுவாங்க."

அம்மா இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள். அப்புறம் தலை நிமிராமல் சொன்னாள், "நீ படிப்ப வுட்டப்போ தண்ணிக் குழாயில எவளும் எங்கிட்ட பேசல தெரியுமா? பொண்ண வளத்த லட்சணம்னு காதுபடச் சொன்னாளுங்க. இப்போ வழி வுட்டு நிக்கிறாளுங்க யுவராணி. கஸ்தூரிய முதல்ல புடிக்கச் சொல்லுங்கன்றாளுங்க. அது உனக்குப் பிடிக்கலையா?"

அம்மாவுக்குத் தண்ணீர் முதலில் கிடைப்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அந்த எருமை முட்டி அளவோடு நின்றுகொண்டிருக்கிறதே, அதை நான் எப்படி விடுவது?

திருட்டுத்தனமாகச் செய்வது எனக்கு வராது. அதனால் வெள்ளிக்கிழமை கூழ் ஊற்ற எல்லாரும் வாசலில் கூடியபோது நேராகவே கேட்டேன். "நான் கார்ட தொறக்கப் போறேன். சூடு திரும்பி வரும். வழக்கமா வர்ற சூடுதான், புதுசா ஒண்ணும் இல்ல. என் வேல நிக்குது."

பூங்காவனம் அத்தை உள்ளே போய் மகள் பெற்ற பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து என் முகத்துக்கு நேராகப் பிடித்தது. பிள்ளை தூக்கத்தில் வாயைச் சப்பிக்கொண்டிருந்தது, இன்னும் தொட்டில் பிள்ளைதான். "முதுகப் பாரு. ஒரு வேர்க்குரு இல்ல. இவங்கம்மா பொறந்தப்போ தகரத்துக்குக் கீழ எப்படி வெந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உன் எருமைக்காக இத வேவ வுடப் போறியா?"

"அத்த, உன் கூரைய மாத்தறதுக்கு வார்டு ஆபீசுல எழுதிக் குடுத்தியே, இன்னா ஆச்சு?"

"இப்பதான் ஜில்லுனு கீதே, எதுக்கு அவனுங்க பின்னாடி அலையறது?"

"அதுக்குத்தான் சொல்றேன்" என்றேன். "ஒரு தெரு சூட்ட ஒரு பொட்டி எதுக்குச் சுமக்கணும்? உங்க யாருக்காவது ஒரு மண்ட இடி வந்தா நான் வாங்கிக்குவேனா?"

"எதிர்த்துப் பேசாத" என்றது ஒரு குரல், "பெரியவங்க கிட்ட" என்றது இன்னொன்று, "சின்ன வயசுலேயே இவ்ளோ திமிரு" என்றது இன்னொன்று, நான் யார் யார் என்று பார்த்து வைத்துக்கொண்டேன். தசரதன்தான் தீர்ப்பு மாதிரிச் சொன்னார். இவள் இப்படிப் பேசுவதே மாரியம்மா சீக்கிரம் இறங்க நினைப்பதற்கு அடையாளம், குளிரவைத்துத் தங்கவைக்கவேண்டும், வழியனுப்ப ஊற்றுகிற தலைத்தண்ணீரை இந்தத் தடவை தங்கச்சொல்லி ஞாயிற்றுக்கிழமை ஊற்றிவிடலாம்.

அம்மை வார்த்தவர்களை வாசலில் உட்காரவைத்து, வெயிலில் வைத்த மஞ்சள் வேப்பிலைத் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்கள், எனக்கும் சின்ன வயதில் ஊற்றியிருக்கிறார்கள். மனிதருக்குச் சரி. கார்டில் ஒரு சொம்பு விழுந்தால் கார்டும் போச்சு, போர்டும் போச்சு, அதற்குள் இருக்கிற எருமையும் போச்சு. விளக்கிப் பார்த்தேன். தண்ணீர் பட்டால் கரண்ட் ஷார்ட் ஆகும் என்றேன். ஒயரைப் பிடுங்கிவிட்டுத்தான் ஊற்றுவோம், எங்களுக்குத் தெரியாதா என்றார்கள்.

ஞாயிறு வந்தது. வாசல் பெருக்கி, கோலம் போட்டு, தவலையில் மஞ்சள் தண்ணீர் மினுங்கியது. பம்பைக்காரர்களைக்கூட வரவழைத்திருந்தார்கள். பொட்டியைத் தூக்கிவர ஆட்கள் உள்ளே வருவதற்கு முன்னால் நானே அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு நடுத்தெருவுக்கு வந்தேன், சட்டை வழியாக நெஞ்சு சுட்டது. அங்கே போட்டிருந்த மனைப்பலகையில் வைத்தேன். சம்மதித்துவிட்டாள் என்று குலவை போட்டார்கள். நான் பாவாடைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

குலவை பாதியில் நின்றது.

"இரும்ப கீழ போடு" என்றார் தசரதன்.

"கிட்ட வந்தீங்கன்னா இதாலயே குத்துவேன்" என்றேன். குத்தியிருக்கமாட்டேன், ஆனால் அவர்களுக்கு அது தெரியாது. ஒரு துணியை அவர்கள் தவலைத் தண்ணீரிலேயே நனைத்துப் பிழிந்து கையில் சுற்றிக்கொண்டேன், கார்டை உருவினேன், சமையலறையிலிருந்து கொண்டுவந்த இடுக்கியால் பிடித்துக்கொண்டு திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன், ஒவ்வொன்றும் தரையில் விழுந்து கடுகு மாதிரிப் பொரிந்தது. அலுமினியக் கட்டை வரமாட்டேன் என்றது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாகத் திருகினேன், இழுத்தால் சிப் பெயர்ந்துவிடும், திருகித்தான் எடுக்கவேண்டும். பிளந்துகொண்டது. நடுவில் பேஸ்ட் சுண்ணாம்புக் கட்டி மாதிரி இறுகிக் கிடந்தது. சுரண்டினேன்.

சூடு வெளியே வந்தது. புகையாக வரவில்லை, நெருப்பாக வரவில்லை, கட்டி கட்டியாக வந்தது, ரோட்டின் மேல் கானல் நெளியுமே அந்த மாதிரி நெளிந்துகொண்டு, ஒவ்வொன்றும் தேங்காய் அளவு, பூசணிக்காய் அளவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாசம். பறந்துபோகவில்லை. மனையைச் சுற்றி யாராவது கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிற மாதிரி நின்றன. நான் ஒன்றை இடுக்கியால் தூக்கினேன். கஞ்சி வாசம் அடித்தது.

"சம்பங்கி மாமா, இது உங்களுது."

தெருவில் ஒருவரும் அசையவில்லை. சம்பங்கி மாமாவும் தசரதனைப் பார்த்தார், காலைப் பார்த்தார். துணி காய்ந்துகொண்டிருந்தது, இன்னும் கொஞ்ச நேரம்தான் பிடிக்கமுடியும். இவர்கள் வாங்காவிட்டால் இதையெல்லாம் மறுபடி கார்டே தின்னும், வேறு போக்கிடம் இல்லை.

அப்போது அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பம்பைக்காரர் கால்மேல் மிதித்துவிட்டு வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து முகத்தைத் திருப்பினேன்.

"எங்கூட்டுது எது?" என்றாள்.

நான் தேடினேன். புகையிலை வாசம் அடித்ததைக் காட்டினேன். அம்மா முந்தானையை விரித்து அதை வாங்கிக்கொண்டாள், முகமெல்லாம் குப்பென்று வியர்த்தது, வலித்திருக்கும். திரும்பிக் கூட்டத்தைப் பார்த்து, "அவங்கவங்களுத வந்து எடுத்துகினு போங்க, என் பொண்ணு எவ்ளோ நேரம் புடிச்சிகினு நிப்பா" என்றாள். நாளைக்குக் குழாயடியில் இவளுக்கு யாரும் வழி விடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

சம்பங்கி மாமா வந்தார். வாங்கினவுடன் ஓடிப்போய்ப் பாவின் மேல் வைத்தார், கஞ்சி சடசடவென்று காய்கிற சத்தம் கேட்டது, அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள், திட்டிக்கொண்டே வந்தார்கள், என்னையும் என் கையையும் என் பொட்டியையும் திட்டிக்கொண்டே, துண்டிலும் முறத்திலும் அன்னக்கூடையிலும் வாங்கிக்கொண்டு போனார்கள். என்னுது இவ்வளவு பெரிசு இல்லை, பக்கத்து வீட்டுக்காரனுதையும் சேர்த்துக் கொடுக்கிறாய் என்று சண்டை போட்டார்கள். தசரதன் வரவில்லை, அவருடையதைத் தவலைப் பக்கத்தில் வைத்தேன், தவலைத் தண்ணீர் கொதித்தது, அவர் அதைப் பார்த்துக் கும்பிட்டார், அப்புறம் தூக்கிக்கொண்டு போனார்.

பூங்காவனம் அத்தையுடையது தகர வாசம் அடித்தது, அதுதான் எல்லாவற்றிலும் பெரியது. அதை உடைத்துப் பார்த்தேன், நடுவில் கோழிக்குஞ்சு அளவுக்குத் தனியாக ஒன்று, பால் வாசத்தோடு. அதை மட்டும் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு மிச்சத்தை நீட்டினேன்.

"அது யாருது?"

"உன் பேரனுது. அது இருந்துட்டுப் போவட்டும். அவ்ளோ சின்னத கார்டு தாங்கும்."

அத்தை அதற்கும் ஒன்றும் நன்றியாகச் சொல்லவில்லை. "பெரிய தர்மராணி" என்று உதட்டைச் சுழித்துவிட்டு, தன் சூட்டைத் தலைச்சுமையாக வைத்துக்கொண்டு தெருவைக் கடந்தது.

நான் அங்கேயே நடுத்தெருவில் உட்கார்ந்து சிப்பைத் துடைத்தேன், பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்தேன், அந்தக் குஞ்சுச் சூட்டை ஒரு மூலையில் சொருகினேன், கட்டையை அமுக்கித் திருகாணிகளைக் குறுக்குக் குறுக்காக முடுக்கினேன். முதுகில் வெயில் ஏறியது, சுட்டது, முழு அக்னி நட்சத்திரம். வீட்டுக்குள் கொண்டுபோய் மாட்டி ஓட்டினேன். முத்து இல்லை. விசிறி மூச்சு விட்டது, பின்னாடி சூடான காற்று வந்தது, எப்படி வரவேண்டுமோ அப்படி. எருமை முட்டியைத் தாண்டியது. தொடை நனைந்தது, வயிறு நனைந்தது, தண்ணீர் அதன் முதுகின் இரண்டு பக்கமும் ஏறி நடுவில் கூடியது.

திங்கட்கிழமை காலையில் தெருவில் ஜன்னல் ஜன்னலாக விசிறிகள் ஓடின. எதிரில் தகரக் கூரை டிக் டிக்கென்று வெடித்தது. பூங்காவனம் அத்தை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எங்கள் ஜன்னலில் வந்து நின்றது, வார்டு ஆபீசுக்குப் போகப் புடவை மாற்றியிருந்தது, மானிட்டரைப் பார்த்தது, பார்த்துக்கொண்டே நின்றது. எருமை கண்ணை மூடி மூக்கு வரைக்கும் முழுகியது.

"எங்களுக்கு வெயிலு, உன் எருமைக்கு மட்டும் கொளமாடி?"

"ஆமா" என்றேன்.